வீட்டுத் தோட்டத்தில் களா

கடைகளில் விற்கப்படும் பழச்சாறுகளுள் கருஞ்சிவப்பு நிறச் சாறு ஒன்று பலருக்கும் பிடித்தமானது. அதன் பெட்டியின் மேல், கொத்தாகத் தொங்கும் கரிய சிறு பழங்களின் படம் இருக்கும். அப்பழத்தின் பெயர் பிளாக்கரண்ட். ஆள் உயரம்கூட வளராத ஒரு புதர்ச்செடியில் காய்க்கும் பழம் அது. இவ்வளவு சிறிய செடியை நம் வீட்டு முற்றத்திலேயே வளர்க்கலாமே என்று யாருக்கேனும் தோன்றினால் அது இயல்பானதுதான். ஆனால், கோத்தா கோலா மூடாவிலோ சுங்கைப் பட்டாணியிலோ அச்செடியை நட்டால் என்ன ஆகும்? இலைகள் சில துளிர்க்கலாம். பழம் மட்டும் கிடைக்காது.

கரண்ட் குளிர்நாட்டுச் செடி. ஐரோப்பாவின் வடபகுதியும் ஆசியாவின் வடபகுதியும் அதன் தாயகம். குளிர்காலம் வந்ததும் அது இலைகளை உதிர்த்துவிட்டு உறங்குகிறது. அந்த உறக்கத்தின்போது வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே பல நூறு மணி நேரம் நீடிக்க வேண்டும். அப்பொழுதுதான் வசந்தகாலத்தில் மொட்டுகள் விழித்துப் பூக்கும். சில இரகங்களுக்கு ஆயிரம் மணி நேரத்திற்கு மேலும் தேவைப்படும். நம் கடலோர ஊர்களில் நள்ளிரவிலும் 22 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்குவது அரிது. கேமரன் மலையின் குளிர்கூட இதற்குப் போதாது. உறங்காத செடி எப்படி விழிக்கும்?

கரண்ட் என்னும் பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. கேக் செய்யும்போது மாவில் கலக்கும் உலர்ந்த சின்னஞ்சிறு பழத்தையும் கரண்ட் என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது விதையில்லாத சிறுதிராட்சையை உலர்த்தியது. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரின் பெயர் திரிந்தே கரண்ட் ஆயிற்று. பிறகு, தோற்றத்தில் அதைப் போலிருந்த குளிர்நாட்டுப் புதர்க்கனிக்கும் ஆங்கிலேயர் அப்பெயரைச் சூட்டினர். அவர்கள் இந்தியாவுக்கு வந்தபோது, வேலிகளில் கருஞ்சிவப்பாகக் காய்த்திருந்த வேறொரு புளிப்புப் பழத்தைக் கண்டார்கள். தங்கள் ஊர் நினைவு வந்ததோ என்னவோ, அதற்கும் 'பெங்கால் கரண்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்படி ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று செடிகள் ஒரே பெயரைப் பெற்றன.

மூன்றாவதாகச் சொன்ன செடிதான் நமக்கு உரியது. தமிழில் அதன் பெயர் களா. காயைக் களாக்காய் என்றும் பழத்தைக் களாப்பழம் என்றும் சொல்வர். மலாய்மொழியில் அது கெரெண்டா, இந்தியில் கரோண்டா. அறிவியலார் வைத்த பெயர் கரிசா கரண்டாசு. இப்பெயர்களின் ஒலியைக் கவனித்தாலே அவற்றின் உறவு விளங்கும். களா வெப்பநாட்டுச் செடி. குளிரை எதிர்பார்க்காது, வெயிலைத்தான் எதிர்பார்க்கும்.

தமிழருக்குக் களா நேற்று அறிமுகமானதன்று. புறநானூற்றுப் புலவர்கள் சிறிய யாழின் கரிய தண்டுக்கு உவமை தேடியபோது, நன்கு பழுத்த களாப்பழத்தின் நிறத்தையே எடுத்துக்கொண்டார்கள். பதிற்றுப்பத்தில் நான்காம் பத்தின் தலைவனாகிய சேர மன்னனின் பெயர் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல். அவனைப் பாடியவர் காப்பியாற்றுக் காப்பியனார். களங்காயால் தொடுத்த கண்ணியையும் நாரால் செய்த முடியையும் அணிந்து அவன் அரசேற்றான் என்று அப்பெயருக்கு விளக்கம் கூறுவர். பொன்முடி இருந்திருந்தால் இவன் பெயர் இத்தனை நூற்றாண்டுகள் நினைவில் நின்றிருக்குமா என்பது ஐயமே.

களாச்செடி ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் புதர். வெட்டாமல் விட்டால் 3 மீட்டர் உயரம் அல்லது அதற்கு மேலும் வளரும். இலைகள் தடிப்பாகவும் பளபளப்பாகவும் எதிரெதிராக அமைந்திருக்கும். ஐந்து இதழ்கள் கொண்ட வெண்ணிறப் பூக்கள், மல்லிகையை நினைவூட்டும் மணத்தோடு கிளை நுனிகளில் கொத்தாக மலரும். காய் முதலில் பச்சையாக இருக்கும். பிறகு இளஞ்சிவப்பாகி, சிவந்து, இறுதியில் ஏறக்குறைய கருப்பாகிவிடும். ஒரு பழம் 2 செண்டிமீட்டர் அளவில் இருக்கும். வெள்ளையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசியதுபோல் காய்க்கும் இரகமும் உண்டு. பார்க்க அழகாக இருப்பதால் நாற்றுப்பண்ணைகளில் பலர் அதையே விரும்பி வாங்குகின்றனர்.

இதன் முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணுக்களில் இணை இணையாகவும், பல இடங்களில் கவை போலப் பிரிந்தும் முட்கள் நிற்கும். 3, 4 செண்டிமீட்டர் நீளமுள்ள முள் சாதாரணம். ஆடும் மாடும் இதனூடே நுழையாது. அதனால்தான் இந்தியச் சிற்றூர்களில் வயலுக்கும் தோப்புக்கும் களாவை உயிர்வேலியாக வைத்தார்கள். முள்ளைப் பார்த்து இச்செடியே வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கென்னவோ அம்முள் ஒரு வசதியாகவே படுகிறது. ஏன் என்பதை அடுத்த செய்தியைப் படித்தால் அறிவீர்கள்.

களாவின் இலையையோ காயையோ கிள்ளினால் வெண்ணிறப் பால் வடியும். பால்மரத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வியப்பாக இராது. ஆயினும், களாவும் பால்மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. களா அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் நஞ்சுள்ள செடிகள் பல. மஞ்சள் அரளியின் காயைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. நம் கடலோரச் சதுப்புகளிலும் சாலையோரங்களிலும் வளரும் பொங் பொங் மரமும் அதே குடும்பம்தான். அதன் விதை இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய நஞ்சைக் கொண்டது. ஆகவே, 'பால் வடிகிறது, சிவப்பாகப் பழுத்திருக்கிறது, களாவாகத்தான் இருக்கும்' என்று எண்ணி எந்தப் பழத்தையும் வாயில் வைக்கக்கூடாது. அரளிக்கும் பொங் பொங் மரத்திற்கும் முள் கிடையாது. பொங் பொங் காய் சிறு மாங்காய் அளவு பெரியது. களாவுக்குக் கூரிய முள், எதிரெதிர் இலை, கொட்டைப்பாக்கைவிடச் சிறிய காய். இவை மூன்றும் ஒருங்கே இருந்தாலும், செடியை நன்கு அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே சுவைக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோத்தா கோலா மூடா, மூடா ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் உள்ளது. ஆற்றுக்கு அக்கரையில் பினாங்கு மாநிலம். மீனவர்கள் கரைக்குக் கொண்டு வரும் மீனை, காதோடு காதாக விலை சொல்லி வாங்கும் பாசார் பிசிக் இங்குப் பெயர்பெற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி அலைகள் இவ்வூருக்குள் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் படகுகளையும் பறித்தன. அந்த நாளின் நினைவாக இங்கு நினைவிடமும் காட்சியகமும் உள்ளன. இத்தகைய கடலோர ஊரில் வீட்டுத் தோட்டம் போடுபவர்களுக்கு மூன்று இடர்கள் உண்டு. மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. ஊற்றும் நீரை நிறுத்தி வைக்காது. காற்றிலும் நிலத்தடி நீரிலும் உப்பு இருக்கும். தாழ்வான இடங்களில் மழைநீர் தேங்கி நிற்கும்.

முதல் இரண்டு இடர்களையும் களா தாங்கிக்கொள்ளும். மணல், சரளை, செம்மண் என்று எந்த மண்ணிலும் அது வேர் பிடிக்கும். பல பழச்செடிகள் வாடிப்போகும் உப்பு மண்ணிலும் ஓரளவு ஈடுகொடுத்து வளரும். இந்தியாவில் களர் நிலங்களுக்கு ஏற்ற பழச்செடிகளுள் ஒன்றாக வேளாண்துறையினர் இதைப் பரிந்துரைக்கின்றனர். ஆனால், மூன்றாவது இடரைத் தாங்காது. வேரைச் சுற்றித் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், இலைகள் மஞ்சளாகி உதிரும், நாம் வாடிவிட்டதே என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுவோம், செடி செத்துவிடும். களாச்செடியைக் கொன்றவர்களில் பெரும்பாலோர் அதன் மேல் அன்பு மிகுந்தவர்களே.

செடியை எங்கிருந்து பெறுவது? நாற்றுப்பண்ணையில் கெரெண்டா என்று கேட்டு வாங்கலாம். ஆனால், நம்மில் பலருக்கு வேறொரு வழி தேவைப்படலாம். பாட்டி வீட்டிலோ, தாத்தா வாழ்ந்த தோட்டத்திலோ ஒரு பழைய பழச்செடி இருக்கும். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோதும், தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் கெடாவில் எத்தனையோ குடும்பங்கள் லயன் வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. அலமாரியையும் கட்டிலையும் ஏற்றிச் செல்ல லாரி கிடைக்கும். பழைய செடியை என்ன செய்வது? பல ஆண்டு வளர்ந்த களாவை வேரோடு பெயர்த்து நட்டால் அது பிழைப்பது அரிது. போகிற போக்கில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து மண்ணில் ஊன்றினாலும் பயன் குறைவு. முற்றிய கிளைத்துண்டுகள் எளிதில் வேர் விடுவதில்லை. விதையைத் தாளில் மடித்து வைத்து, புது வீட்டு வேலைகள் எல்லாம் முடிந்து ஓய்வாக விதைக்கலாம் என்றாலும் முடியாது. களா விதையின் உயிர்ப்பு விரைவில் குறைந்துவிடும். நெல்லைப்போல், கீரை விதையைப்போல் அதைச் சேமித்து வைக்க இயலாது.

அப்படியென்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நன்கு பழுத்துக் கறுத்த பழங்களைப் பறித்துப் பிசைந்து, விதைகளைக் கழுவி, நிழலில் ஈரம் போக ஒரு நாள் வைத்து, உடனே விதைப்பது. ஒரு பழத்தில் தட்டையான சிறு விதைகள் சில இருக்கும். மணலும் மட்கிய இயற்கை உரமும் கலந்த சிறு பைகளில் ஒரு செண்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். நாற்று ஒரு முழ உயரம் வந்ததும் நிலத்தில் நடலாம். விதையிலிருந்து வந்த செடி தாய்ச்செடியை அப்படியே ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. காயின் அளவும் புளிப்பும் சற்றே மாறலாம்.

பாட்டி வீட்டுச் செடியின் அதே பழம் வேண்டும் என்றால், விண்பதியம் போட வேண்டும். இது இரண்டாவது வழி. மழைக்காலத் தொடக்கத்தில், பென்சில் பருமனுள்ள நலமான கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே 2 செண்டிமீட்டர் அகலத்திற்கு வளையமாகப் பட்டையை மட்டும் சீவி எடுக்க வேண்டும். அப்பொழுது பால் வடியும்; அது நிற்கும்வரை துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு, நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரை ஒரு கைப்பிடி வைத்து மூடி, அதன்மேல் நெகிழித் தாளைச் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்டுங்கள். இலைகள் சமைக்கும் உணவு பட்டை வழியாகக் கீழே இறங்க முடியாமல் அவ்விடத்தில் தேங்குகிறது. ஈரமும் இருளும் சேர்ந்துகொள்ள, வெட்டின் மேல் விளிம்பிலிருந்து வேர்கள் கிளம்புகின்றன. இரண்டு மூன்று மாதங்களில் நெகிழித் தாளின் வழியே வெண்ணிற வேர்கள் தெரியும். அதன் பிறகு கட்டுக்குக் கீழே வெட்டியெடுத்துப் பையில் நட்டு, சில வாரம் நிழலில் வைக்க வேண்டும். எல்லாப் பதியமும் வெற்றி பெறுவதில்லை. மூன்று நான்கு கிளைகளில் போட்டு வைப்பது நல்லது. வீடு மாறும் நாளை மூன்று மாதம் முன்பே அறிந்தவர்களால் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்பதை மறவாதீர்கள்.

நடுவதற்கு இடம் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் செடி வளரும், காய்க்காது. துணி காயப்போடும் கொடிக்கு அருகிலும், சின்னப் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டும் வழியிலும் வேண்டாம். பழத்திற்காக ஓரிரு செடி வைப்பதானால் இரண்டு மீட்டர் இடைவெளி விடலாம். வேலியாக அமைப்பதானால் 60 செண்டிமீட்டர் போதும். குழி முக்கால் முழ ஆழமும் அதே அகலமும் இருக்கட்டும். தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மட்கிய உரத்தைக் கலந்து நிரப்புங்கள். தாழ்வான மனையாக இருந்தால் குழியே தோண்டாமல், ஒரு முழ உயரத்திற்கு மண்மேடு அமைத்து அதன் மேல் நடுவது சிறந்தது. கெடாவில் சனவரி, பிப்ரவரி மாதங்களில் வறட்சி மிகும். ஏப்ரல் வாக்கில் மழை தொடங்கும்போது நட்டால், அடுத்த வறட்சிக்குள் செடி ஊன்றிவிடும்.

நட்ட முதல் சில மாதங்களுக்கு இரண்டு நாளுக்கொரு முறை நீர் ஊற்றினால் போதும். மண்ணை விரலால் ஒரு கணு ஆழம் கிளறிப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். செடியைச் சுற்றித் தேங்காய் மட்டை, காய்ந்த இலை, வெட்டிய புல் ஆகியவற்றைப் பரப்பி வைத்தால் மணலிலும் ஈரம் நிற்கும். மட்டையைத் தண்டோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முதல் கடும் வறட்சியைத் தவிர மற்ற நாள்களில் மழையே போதுமானது.

இப்பொழுது கத்தரியை எடுக்கும் நேரம். களா வளர்ப்பில் பலரும் தவறு செய்வது இதில்தான். வேலி அழகாக, பெட்டிபோலச் சதுரமாக இருக்க வேண்டும் என்று மாதந்தோறும் மேலேயும் பக்கவாட்டிலும் கத்தரித்துக்கொண்டே இருப்பார்கள். நான்கு ஆண்டுகள் ஆகியும் ஒரு காய்கூட இல்லையே என்று வருந்துவார்கள். களா கிளையின் நுனியில் பூக்கும் செடி என்று முன்பே படித்தோம். நுனியை வெட்டினால் பூவையே வெட்டுகிறோம். அப்படியானால் வெட்டாமலே விட்டுவிடலாமா? அதுவும் சரியன்று. வெட்டாத செடி நீண்ட வளார்களை நாலாபுறமும் வீசி, உள்ளே காற்றும் வெயிலும் புகாத முட்புதராகிவிடும். நுனிகள் குறைவாகவே இருக்கும். கையை நுழைத்துக் காய் பறிக்கவும் முடியாது.

நடுவழி இதுதான். செடி இளமையாக, முழங்கால் உயரம் இருக்கும்போது தலைப்பை ஒருமுறை கிள்ளிவிடுங்கள். கீழிருந்து மூன்று நான்கு கிளைகள் எழும். அவை ஒரு முழம் நீண்டதும் அவற்றின் நுனியையும் ஒருமுறை கிள்ளுங்கள். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். நுனிகளின் எண்ணிக்கை பெருகும். பிறகு கத்தரியை எடுத்து வைத்துவிட வேண்டும். செடி காய்க்கத் தொடங்கியதும், ஒவ்வொரு முறையும் காய்ப்பு ஓய்ந்த உடனேயே கவாத்துச் செய்ய வேண்டும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்குங்கள். மற்றவற்றில் நுனியிலிருந்து ஒரு சாண் குறைத்தால் போதும். அதன்பின் வரும் புதுத்தளிர்களே அடுத்த பூவைத் தரும். வேலியும் வேண்டும், பழமும் வேண்டும் என்பவர்கள் தெருப்பக்கத்தை மட்டும் ஒழுங்காக வெட்டி, வீட்டுப்பக்கத்தைத் தாராளமாக வளரவிடலாம்.

கவாத்துச் செய்யும்போது தடித்த கையுறையும் நீண்ட கைச்சட்டையும் காலணியும் கட்டாயம். பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிய முட்கிளைகளை அன்றே அள்ளி அப்புறப்படுத்துங்கள். புல்லில் கிடந்து காய்ந்த களாமுள், மெல்லிய ரப்பர்ச் செருப்பையும் துளைத்துவிடும்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்கு முன் ஆண்டுக்கு ஒரு கூடை மட்கிய மாட்டெருவோ சமையலறைக் கழிவில் செய்த உரமோ இட்டால் போதும். தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கொட்டினால் இலைதான் செழிக்கும். பூச்சித் தொல்லையும் குறைவே. இலையடியில் வெண்பஞ்சு போல மாவுப்பூச்சி தென்பட்டால், சிறிதளவு சவர்க்காரம் கரைத்த நீரைத் தெளித்துத் துடைக்கலாம். தொடர்மழையில் பழங்களில் கரும்புள்ளி விழுந்து அழுகினால், அவற்றைப் பறித்து அகற்றுங்கள். உள்கிளைகளைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

தாமான் வீட்டில் சிமெண்டுத் தரை மட்டுமே உள்ளவர்களும் களாவைப் பூச்சாடியில் வளர்க்கலாம். 40 செண்டிமீட்டர் வாயகலமுள்ள சாடி, அடியில் பல துளைகள், மணல் கலந்த மண். இவை போதும். சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் நீர் செடிக்கும் கேடு, நமக்கும் கேடு. ஏடிஸ் கொசு முட்டையிட அந்தச் சிறு தட்டே போதுமானது. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு வளர இடமளித்தால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி அபராதம் கட்ட நேரிடும். சாடிக்களா இடுப்பளவே வளரும். ஒரு குடும்பத்திற்கு ஊறுகாய் போடும் அளவுக்குக் காய்க்கும்.

நட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் முதல் காய்களைக் காணலாம். எந்த நிலையில் பறிப்பது என்பது நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. பச்சையாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் காயில் புளிப்பும் பாலும் மிகுதி. ஊறுகாய்க்கு அதுவே உகந்தது. நன்கு சிவந்த காயில் பெக்டின் என்னும் பொருள் நிறைந்திருப்பதால் பழக்கூழ் செய்தால் தானாகவே கெட்டியாகும். கருநிறமாகி, தொட்டால் மெத்தென்று இருக்கும் பழத்தை அப்படியே உண்ணலாம். அதுவும் தேன்போல் இனிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இனிப்பு முன்னே வந்து புளிப்பு பின்னே நிற்கும். வைட்டமின் சி, இரும்புச்சத்து ஆகியவை இதில் உள்ளன.

களாக்காய் ஊறுகாய் போடுவது கடினமன்று. பலாவை வெட்டும்போது செய்வதுபோலக் கத்தியிலும் கையிலும் சிறிது எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பால் பிசுபிசுவென்று ஒட்டும். காயை இரண்டாகக் கீறி விதையை எடுத்துவிட்டு, உப்புநீரில் சில மணி நேரம் போட்டு வையுங்கள். பால் வெளியேறிவிடும். பிறகு நீரை வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு தாளித்து, காயைப் போட்டு வதக்கி, மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் சேர்த்துக் கிளறி இறக்கினால் தயிர்ச்சோற்றுக்கு ஏற்ற ஊறுகாய் கிடைக்கும். புளி சேர்க்கத் தேவையில்லை.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு வியப்பளிக்கும். இந்திய அடுமனைகளில் கேக்கின் மேலும் ரொட்டியின் உள்ளும் வைக்கும் சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் செர்ரிப் பழமே அன்று. விதை நீக்கிய களாக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயமேற்றிச் செய்வது அது. பெங்கால் கரண்ட் என்று இரவல் பெயரோடு அறியப்பட்ட பழம், அங்கே செர்ரி என்று மற்றோர் இரவல் பெயரில் உலவுகிறது.

காய்ப்புக் காலத்தில் பறவைகள் நம்மை முந்திக்கொள்ளும். கொண்டைக்குருவிகள் பழுத்ததை மட்டும் தேர்ந்து கொத்தும். சில கிளைகளுக்கு வலை கட்டிவிட்டு மற்றவற்றை அவற்றுக்கே விட்டுவிடலாம். நாம் பறித்த பழங்களில் நன்கு கறுத்தவை பத்தைத் தனியே எடுத்து வையுங்கள். தின்ற பின் விதைகளைக் குப்பையில் போடாமல் கழுவி, மறுநாளே பைகளில் ஊன்றிவிடுங்கள். பக்கத்து வீட்டார் ஒரு செடி கேட்டால், முளைத்த நாற்றாகவே கொடுக்கலாம்.